மூன்றாவது விரல்

சோலையம்மாள் அக்காவின் வலது கட்டைவிரலை நான் மூன்று மாதம் படம் பிடித்தேன். மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து, மேசைக்கு அடியில் கண்ணாடி வைத்துக் கீழிருந்தும்கூட. அந்த விரலின் நகம் சற்று அகலமானது. முட்டிக்குக் கீழே பிறை மாதிரி ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. அந்தப் படங்கள் எல்லாம் இன்னும் என் மடிக்கணினியில் இருக்கின்றன. நகம்தான் இல்லை.

எங்கள் பட்டறை திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில், மூடிப்போன ஒரு நூல் மில்லின் குடோனில் இருந்தது. பழனி, ஒட்டன்சத்திரம், நத்தம் பக்கத்துத் தோட்டங்களில் கழற்றிப் போட்ட மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிகள் லாரியில் வந்து அங்கே இறங்கும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கைக்கு அடக்கமாக, கறுப்பாக ஒரு காண்டாக்டர் இருக்கும். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்று சத்தம் போடுவது அதுதான். அதன் மூடியில் நான்கு மூலைக்கு நான்கு ஸ்க்ரூ. மூடிக்கு அடியில் சுருண்டு படுத்திருக்கும் ஒரு ஸ்பிரிங். அதற்கும் கீழே செம்புச் சுருளும் வெள்ளி முனைகளும். அந்தச் செம்புக்கும் வெள்ளிக்கும்தான் இவ்வளவு பாடும்.

ஸ்க்ரூக்களைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. மூடியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டே கழற்ற வேண்டும், அதுதான் வேலை. பிடி தளர்ந்தால் ஸ்பிரிங் மூடியைத் தூக்கி முகத்தில் அடிக்கும். அழுத்திப் பிடித்தால் பழைய பேக்லைட் பிளாஸ்டிக் மூடி பிஸ்கட் மாதிரி உடையும். பட்டறையில் எட்டுப் பெண்கள் இந்த வேலையைச் செய்தார்கள். சோலையம்மாள் அக்கா கையில் ஒரு மூடிகூட உடைந்து நான் பார்த்ததில்லை.

நான் தொப்பம்பட்டிக்காரி. மெக்கட்ரானிக்ஸ் படித்தேன். முதலாளி ஆல்வின் சார் என்னை வேலைக்கு எடுத்தபோது சொன்னது ஒன்றே ஒன்று. ரோபோ கை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன், அதற்கு விரல் இல்லை, நீ செய்து கொடு. எனக்கு அது ஏதோ கதையில் வரும் கட்டளை மாதிரி இருந்தது. இரும்புக்கு விரல் செய்கிறவள். அன்று இரவெல்லாம் தூக்கம் வராமல் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

இரண்டு விரல்கள் காண்டாக்டரின் உடம்பைப் பிடிக்கும். ஸ்க்ரூடிரைவர் மேலிருந்து இறங்கும். மூன்றாவது விரல் மூடியின் மேல் உட்காரும். அந்த மூன்றாவதுதான் மூன்று மாதத்தைத் தின்றது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன், மூடிகள் உடைந்துகொண்டே இருந்தன. கடைசியில் சோலையம்மாள் அக்காதான் எரிச்சலோடு என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"அமுக்காத தாயி. சும்மா தொட்டுக்கிட்டே இரு. கடைசி ஸ்க்ரூ கழண்டதும் அது மூச்சு விடுற மாதிரி மேல வரும். அப்பத்தான் விரலுக்கே வேல."

அதற்குப் பிறகு அழுத்தும் விரலை விட்டுவிட்டு உணரும் விரலைச் செய்தேன். உள்ளே ஒரு சின்ன சென்சார். நான்காவது ஸ்க்ரூ கழன்றதும் மூடி நூல் அளவு எழும்பும். விரல் அதை உணரும். உடனே ஸ்க்ரூடிரைவர் நின்றுவிடும், விரல் மெதுவாக மூடியோடு மேலே வரும். பேகம்பூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் முகமது ரஃபீக் பாய்தான் அதைக் கடைந்து கொடுத்தார். முனையின் வளைவு சரியில்லை என்று ஐந்து முறை திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். ஆறாவது முறை அவர் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "நகம் வரைக்கும் கேக்குறியேம்மா. மருதாணியும் வச்சு விட்டுரவா?" லாரி டியூப் ரப்பரை வெட்டி முனையில் அவரே ஒட்டிக் கொடுத்தார். அது வேலை செய்தது. மார்ச் மாதம் முழுக்க ஒரு மூடிகூடத் தெறிக்கவில்லை.

இதற்கு நடுவில் நான் ஒரு தப்புச் செய்தேன். அந்த மாதம் முழுக்க அது யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஆயுதபூஜைக்கு எங்கள் பக்கத்தில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து காண்டாக்டருக்கும் பொட்டு வைப்பார்கள். சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம். வருடக் கணக்கில் வைத்து வைத்து அது காய்ந்து காரை மாதிரி ஒட்டியிருக்கும். பட்டறைப் பெண்கள் முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைப்பார்கள். எங்கள் அப்பா நான்கு ஸ்க்ரூவுக்கும் நான்கு பொட்டு வைப்பார். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான். கேமராவுக்கு ஸ்க்ரூவை அடையாளம் காட்டப் படங்கள் தேவைப்பட்டபோது நான் ஊருக்குப் போய், தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி எடுத்து வந்தேன். சிவப்புப் பொட்டு இருந்தால் அதன் கீழே ஸ்க்ரூ இருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தேன். பெருமையாக இருந்தது. பெண்களிடம் போய், இனிமேல் துடைக்க வேண்டாம், பொட்டு இருந்தால்தான் கேமராவுக்கு லேசு என்று நானே சொன்னேன்.

நத்தம் பக்கத்தில் நான்கு ஸ்க்ரூவையும் விட்டுவிட்டு மூடியின் நட்டநடுவில் ஒரே ஒரு பொட்டு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெட்டிகளை இயந்திரம் பார்த்தபோது ஐந்து ஸ்க்ரூ என்று எண்ணியது. ஆனால் நான்காவது கழன்றதுமே மூன்றாவது விரல் உணர்ந்து நிறுத்திவிடும். ஐந்தாவதுக்கு டிரைவர் போனதே இல்லை. என் தப்பை அந்த விரல்தான் மறைத்து வைத்திருந்தது.

ஏப்ரல் முதல் ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். திங்கள்கிழமை காலை வந்து பார்த்தால் இயந்திரத்தில் மூன்றாவது விரல் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகளும் அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியும் இருந்தன. இயந்திரத்துக்கு முன்னால் ஸ்டூலில் சோலையம்மாள் அக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய கட்டைவிரல் காண்டாக்டர் மூடியின் மேல் இருந்தது. டிரைவர் அந்த விரலைச் சுற்றி மூலை மூலையாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

நான் போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தேன். பிறகு ஆல்வின் சாரின் அறைக்குப் போனேன்.

அவர் குரலை உயர்த்தவே மாட்டார். பட்டறையில் எல்லாரும் அதைப் பெரிய குணமாகச் சொல்வார்கள். வியாழக்கிழமை கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றின் ஆட்கள் இயந்திரத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றார். மூன்றாவது விரல் தொட்டு உணர்ந்து எழுந்து வருவதற்குள் எழுபது நொடி ஆகிறது, அவர்கள் நாற்பது கேட்கிறார்கள் என்றார். அது மனுசக் கை இறங்குகிற இடம் இல்லை என்று நான் சொன்னேன். மூன்றாவது விரல் இல்லாமல் நிரலை ஓட்டக் கூடாது என்று சொன்னேன். அவர் ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"ஜீவிதா, மூணாவது விரல்தான் அவங்ககிட்டயே இருக்கே. அத எதுக்கு நாம தனியா செய்யணும்? ஒரு கை வச்சாப் போதும்."

கோபம் என்றால் கத்துவது, சட்டியை எறிவது என்றுதான் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். அது இப்படிப் பனி விழுகிற மாதிரி சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கி நிரம்பும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நிரம்பிய கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன்? வெளியே வந்து சோலையம்மாள் அக்காவை எழுந்திருக்கச் சொன்னேன். அவர் எழவில்லை. தான் எழுந்தால் முதலாளி அந்த ஸ்டூலில் இன்னொரு பெண்ணான ராமுத்தாயை உட்கார வைப்பான், அவளுக்குக் கை நடுங்கும் என்றார். நான் என் மேசைக்குப் போய் ஆல்வின் சாருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவ்வளவுதான் செய்தேன். ஆறடி தூரத்தில் அந்த விரல் இருக்க, நான் காற்புள்ளி, அரைப்புள்ளி பார்த்து மின்னஞ்சல் எழுதினேன்.

திங்கள் முழுக்கப் பழனிப் பக்கத்துப் பெட்டிகள். ஒன்றும் நடக்கவில்லை. ஆல்வின் சார் மாலையில் என் மேசைப் பக்கம் வந்து சிரித்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நத்தம் லாரி வந்தது. முதல் பெட்டி. கேமரா படம் எடுத்தது. அக்கா விரலை மூடியின் நடுவில், அந்தப் பொட்டின் மேல் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அக்கா மூடியை விடாமல் பிடித்திருந்தார். நான்கோடு முடிந்தது என்றுதான் அவருக்குத் தெரியும். இயந்திரத்துக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

டிரைவர் நடுவுக்கு நகர்வதைப் பார்த்து நான் சிவப்புப் பொத்தானுக்கு ஓடினேன். ஆறடி. அதற்குள் டிரைவர் விரலில் இறங்கிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் விரலைக் காப்பாற்ற முடியுமா என்று வெள்ளிக்கிழமை பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். நகமும் நுனி எலும்பும் அப்போதே போய்விட்டன. என் சுடிதாரில் இருந்த ரத்தத்தைக் கழுவாமலே அன்று இரவு அறையில் உட்கார்ந்து, நிரலில் இருந்த ஐந்து என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் தப்பு எனக்குத் தெரிந்தது.

புதன்கிழமை காலை ஆல்வின் சார் ஒரு தாளை நீட்டினார். விபத்து அறிக்கை. கணினியில் அழகாக அடித்திருந்தது. தொழிலாளி, மூடியின் மேலிருந்த குங்குமத்தைத் துடைக்காமல் கவனக்குறைவாகப் பொருத்தியதாலும், இயந்திரம் ஓடும்போது விதியை மீறிக் கையை உள்ளே விட்டதாலும் விபத்து நேர்ந்தது. கீழே வடிவமைப்பாளர் கையொப்பம் என்று கோடு.

அவங்க விதிய மீறலைங்க சார், நீங்கதான உக்கார வெச்சீங்க என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"துடைக்க வேண்டாம்னு யாருமா சொன்னது? குங்குமத்த ஸ்க்ரூன்னு யாரு சொல்லிக் குடுத்தது? நைட்டு நிரலத் திறந்து பாத்திருக்க, எனக்குத் தெரியும். இந்தக் கையெழுத்து எனக்கு இல்ல ஜீவிதா. உனக்குத்தான்."

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. பொய் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். என் தப்பை எடுத்து, அதன் பின்னால் தான் நின்றுகொண்டு, இரண்டு பேர் தப்பையும் சேர்த்து அக்காவின் தலையில் இறக்கிவிடப் பார்த்தார். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அதற்கும் என்மேலேயே கோபம்.

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். அக்காவின் கை ஒரு பெரிய வெள்ளைப் பந்தாகத் தலையணை மேல் இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊர்ப் பொட்டு, நத்தம் பொட்டு, ஐந்து, தாள். அவர் சமாதானம் சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருப்பேன் போல. அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"எங்க நத்தம் பக்கம் பொட்ட எங்க வப்பாகன்னு என்னைய ஒரு வார்த்த கேட்டியா? மூணு மாசம் எதுத்தாப்புலதான உக்காந்திருந்தேன்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் விரல அம்புட்டுப் படம் புடிச்சியே, அதுல ஒண்ணக் குடு. வெள்ளிக்கெழம டாக்டருகிட்டக் காட்டணும், எப்படி இருந்துச்சுன்னு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அம்மா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. நான் அழ ஆரம்பித்ததும், அழுவதானால் வராண்டாவுக்குப் போ, இங்கே நோயாளிகள் தூங்க வேண்டும் என்றார். எழுந்தபோது இடது கையால் என் பையைப் பிடித்து இழுத்தார். "நீ செஞ்சதும் எழுது. அவன் செஞ்சதும் எழுது. நான் துடைக்காதவன்னு மட்டும் எவனும் எழுதப்படாது."

அறைக்கு வந்து கையால் எழுதினேன். இரண்டு பக்கம். முதல் பக்கம் நான் செய்தது, இரண்டாவது பக்கம் ஆல்வின் சார் செய்தது. மூன்று மாத வீடியோப் படங்களில், துடைக்க வேண்டாம் என்று நான் சொல்லும் வரைக்கும், ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து நொடி அக்கா மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பது இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டேன். காலையில் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டுதான் பட்டறைக்குப் போனேன். போகும்போது சமையலறை மேடையில் இருந்து, அப்பா கொடுத்தனுப்பிய வாழைக்காய்களில் சின்னதாக ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கோயம்புத்தூர்க்காரர்கள் இரண்டு பேர். நரைத்த தலையோடு ஓர் ஆள், என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண். ஆல்வின் சார் அவர்களுக்கு இளநீர் கொடுத்திருந்தார். ஸ்டூலில் ராமுத்தாய் உட்கார்ந்திருந்தார். கை நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. நீங்க எந்திரிச்சு அந்தப் பக்கம் நில்லுங்க்கா என்றேன். அவர் ஆல்வின் சாரைப் பார்க்கவே இல்லை, உடனே எழுந்துவிட்டார். வந்தவர்களிடம் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்து மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். நத்தம் பெட்டி ஒன்றைத் திறந்து காண்டாக்டரை வைத்தேன். நடுவில் சிவப்பாக ஒற்றைப் பொட்டு. கேமரா படம் எடுத்துக்கொண்டது.

"சார், வந்து விரலை வைங்க," என்றேன்.

ஆல்வின் சார் சிரித்தார். ஜீவிதா, விளையாடாதே என்றார்.

"விளையாடலைங்க சார். ஒரு கை வச்சாப் போதும்னு சொன்னீங்க. உங்க கை இருக்குதுங்களே."

பெண்கள் எல்லாரும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அவர் கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. கை தானாகப் போய் ஒளிந்துகொண்டது.

நான் நீள இடுக்கியில் வாழைக்காயைப் பிடித்து அதன் நுனியைப் பொட்டின் மேல் வைத்தேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. டிரைவர் ஒரு கணம் மேலே நின்றது. பிறகு நடுவுக்கு வந்து இறங்கியது. காயைத் துளைத்து, மூடியையும் துளைத்து, பேக்லைட் இரண்டாகப் பிளந்து, ஸ்பிரிங் தெறித்துக் கூரைத் தகரத்தில் அடித்தது. கிழிந்த காயில் இருந்து வெள்ளையாகப் பால் வடிந்து குங்குமத்தோடு கலந்தது.

அந்தப் பெண் தன் வலது கட்டைவிரலை இடது கைக்குள் மூடிக்கொண்டு நின்றார். நரைத்தவர் இயந்திரத்துக்கு அருகே வந்து, பிளாஸ்டிக் மூடியைப் பெயர்த்து, நான்கு ஓட்டைகளைப் பார்த்தார். இங்கே என்ன இருந்தது என்று கேட்டார். சென்சார் கோளாறு, புதன்கிழமைதான் கழற்றினோம் என்று ஆல்வின் சார் சொல்ல ஆரம்பித்தார். அவர் குரல் முதல் முறையாகக் கொஞ்சம் உயர்ந்திருந்தது. நான் இழுப்பறையைத் திறந்து ரஃபீக் பாய் கடைந்த விரலை எடுத்து மேசை மேல் வைத்தேன். பக்கத்தில் என் இரண்டு தாள்களின் பிரதியை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கழட்டுனதுங்க, அதுல எழுதியிருக்குது என்றேன்.

அவர்கள் அதைப் படித்துவிட்டு என்ன முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. படித்து முடிக்கும் முன்பே ஆல்வின் சார் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். இந்தத் தடவை கத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வந்து, விரலை முட்டிக்கு மேலே எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் ஆய்வாளர் அலுவலகத்தில் இருந்து வாக்குமூலம் வாங்க ஓர் அதிகாரி வந்தார். அவரிடம் இரண்டு அறிக்கைகள் இருந்தன. ஆல்வின் சார் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒன்று, என்னுடைய ஒன்று. என்னுடையதை நானே சத்தமாகப் படிக்க வேண்டும் என்று அக்கா சொன்னார். படித்தேன். முதல் பக்கம் படிக்கும்போது வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை.

முடிந்ததும், பட்டறையில் நான் ஆல்வின் சாரைக் கை வைக்கச் சொன்ன கதையைக் கேள்விப்பட்டிருந்த அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "நேத்து அவன் விரல வச்சானா?"

"வைக்கலைங்க்கா."

அவர் சிரித்தார். சிரித்ததில் கை அசைந்து வலி எடுத்தது. உடனே என்னைத்தான் திட்டினார்.

அதிகாரி அக்கா சொன்னதை எல்லாம் எழுதி முடித்து, பையில் இருந்து மைப் பெட்டியை எடுத்துத் திறந்து, இடது கட்டைவிரலை நீட்டும்படி சொன்னார். அக்கா அந்தக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"பேனாவக் குடுங்க. நான் எட்டாவது படிச்சவ."

வலது கை இல்லாமல் எப்படி என்று அதிகாரி தயங்கினார். சும்மா ஒரு ரேகைதானே, ஒரு நொடியில் முடிந்துவிடும் என்றார். அக்கா போர்வைக்குள் இருந்து இடது கையைப் பேனாவுக்கு நீட்டினார், மடக்கவில்லை. அதிகாரி பேனாவைக் கொடுத்தார். நான் தாளுக்கு அடியில் அட்டையைப் பிடிக்கப் போனேன். அதைத் தொடாதே என்று அக்கா ஒரு பார்வை பார்த்தார். வலது முழங்கையால் தாளின் ஓரத்தை அழுத்திக்கொண்டு, பழக்கம் இல்லாத இடது கை விரல்களுக்கு நடுவில் பேனாவைச் செருகி, ஒவ்வொரு எழுத்தாக, பெரிது பெரிதாக, கோட்டைத் தாண்டி மேலும் கீழும் போய் எழுதினார். பேனா இரண்டு தடவை நழுவியது. இரண்டு தடவையும் அவரே எடுத்தார். அதிகாரி ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

பெயரை முழுசாக எழுதி முடிக்கும் வரை நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டே இருந்தோம்.